சேகோ பனை வளர்ப்பு

நர்சரிகளில் சேகோ பனை என்று விற்கப்படும் சைக்கஸ் ரெவலூட்டா, பனையே அல்ல. பூவும் கனியும் இல்லாமல் விதை தாங்கும் பழைய குலத்துச் செடி இது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தாயகம் தென் ஜப்பானின் கியூஷு, ரியூக்யூ தீவுகள். தாவரவியலாளர் துன்பெர்க் 1782-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மதனகாமப்பூ மரம் இதே பேரினத்தைச் சேர்ந்தது.

பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தடவைதான் இது மொத்தமாக ஒரு சுற்று ஓலை விடும். பராமரிப்பு முழுக்க இதைப் பொறுத்தே அமைகிறது. கெட்டுப்போன ஓலை தேறாது. அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். குருத்து விரியும் வாரங்களில் வெளிச்சம் குறைந்தால் ஓலைகள் நீண்டு துவண்டுவிடும். ஆகவே அப்போது தொட்டியை நிழலுக்கு நகர்த்தக் கூடாது.

வறட்சியைத் தாங்கும் இச்செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். மணல் கலந்த, நீர் தேங்காத மண் வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். அடித்தண்டை மண்ணில் ஆழப் புதைத்தால் அழுகும். மண்ணுக்கு மேலே பவளம்போல் கிளைத்து எழும் வேர்களைப் பார்த்து நோய் என்று வெட்டிவிடுபவர்கள் உண்டு. அவற்றில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குச் சேர்ப்பவை.

புது ஓலை மஞ்சளாகிச் சுருண்டு கருகினால் மாங்கனீசுக் குறை. காரமண்ணில் இது அதிகம். மாங்கனீசு சல்பேட் இட்டாலும் பலன் அடுத்த சுற்றில்தான் தெரியும். பழைய ஓலை மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் போதவில்லை எனலாம். பச்சையாக உள்ள ஓலைகளை அழகுக்காகக் கழிப்பது செடியின் சேமிப்பைக் கரைக்கும்.

கொடிய பகை ஆசியச் செதில்பூச்சி. ஓலையில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளையாக அப்பியிருக்கும். ஓலைகளை வெட்டி எரித்து, தோட்டக்கலை எண்ணெய் தெளித்தாலும் வேரில் ஒளிந்திருப்பவை திரும்ப ஏறும். தெளிப்பைத் தொடர வேண்டும்.

அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, ஓலை நீக்கி, வெட்டுவாயை உலரவிட்டு மணலில் நடலாம். வேர் பிடிக்கப் பல மாதம் ஆகும்.

செடியின் எல்லாப் பகுதிகளிலும் சைக்கசின் என்னும் நஞ்சு உண்டு, விதையில் மிகுதி. கல்லீரலைத் தாக்கும் இந்நஞ்சால் விதையைக் கடித்த நாய்கள் இறப்பதுண்டு. ரியூக்யூ மக்கள் பஞ்சக் காலத்தில் தண்டு மாவைப் பலமுறை அலசி நஞ்சகற்றி உண்டனர். பக்குவம் தவறியவர்கள் மாண்டனர். குழந்தைகளும் நாயும் திரியும் வீட்டில் பெண் செடி காய்த்தால், விதை உதிருமுன் அகற்றிவிட வேண்டும்.