வேலைச் செய்தி யார் வாசலுக்கு வருகிறது?

எங்கள் மாலைப் பாடசாலையில் படித்துப் பொறியியல் முடித்த தம்பி ஒருவர், எட்டு மாதத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை இணையத்தில் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவரைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வகுப்புத் தோழர் மூன்றாவது வாரமே வேலையில் சேர்ந்துவிட்டார். அந்த நிறுவனத்தில் அவருடைய சித்தப்பா மேலாளர், ‘ரெஃபரல்’ கொடுத்தார். “அண்ணா, எனக்கு ரெஃபரல் கொடுக்க யார் இருக்கா?” என்று தம்பி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

தோழர்களே, இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் முதலாளி நேரடியாக ஆள் எடுப்பதில்லை. ‘ஜாபர்’ எனப்பட்ட மேஸ்திரிதான் எடுப்பார். தன் ஊர், தன் உறவு, தன் சாதி என்று அவர் ஆள் சேர்ப்பார். ஆலையில் இடம் காலி என்ற செய்தியே அந்த வட்டத்தைத் தாண்டாது. தாண்டி உள்ளே போன நம்மவர்களையும் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் விடவில்லை. அங்கே தார் மாற்றும்போது நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொட மாட்டாராம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்கச் சொல்லி, அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முதலாளிக்கு எதிராக ஒன்றுசேர்ந்த கைகள் நாடா என்றதும் விலகி நின்றன.

கோலார் தங்கவயலில் உறவுச் சங்கிலி நமக்கும் வேலை வாங்கிக் கொடுத்தது. ஆனால் அது சுரங்கத்துக்குள் இறங்கும் வேலை. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து அண்ணன் போனான், பின்னாலேயே தம்பி போனான். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ அந்த வயலில் ஊக்கமாக வாசிக்கப்பட்டது. அது வேலைவாய்ப்புப் பத்திரிகை அல்ல. ஆனால் ஊர் விட்டு ஊர் போனவர்களை ஒருவரையொருவர் அறியச் செய்தது. முகம் பார்க்காமலே தோழமை கொள்ளும் பழக்கம் நமக்கு வாட்ஸ்அப் கற்றுக் கொடுத்ததல்ல.

சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் ஒரு சட்டம் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஓட்டையிலேயே எல்லாம் ஒழுகிப் போனது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வெயிலில் வரிசையில் நின்ற நம் அக்காக்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சமூகவியல் படித்தவர்களுக்கு மார்க் கிரானோவெட்டரைத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் அவர் எழுதியது இதுதான்: வேலைச் செய்தி பெரும்பாலும் நெருங்கிய நண்பரிடமிருந்து வரவில்லை, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரரிடமிருந்தே வந்தது. நெருங்கியவருக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்! 2003-இல் வந்த லிங்க்ட்இன் இந்த அறிமுகங்களையே சரக்காக்கியது. அதன் இரண்டு கோடிப் பயனர்களை வைத்து 2022-இல் வெளியான ஆய்வும், அதிக நெருக்கமில்லாத தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவியதாகச் சொன்னது.

சரி, அந்த அறிமுகக்காரர் யார்? சேரியில் பிறந்தவருக்குத் தூரத்து அறிமுகமும் பெரும்பாலும் இன்னொரு சேரியில்தான் இருக்கிறது. நேராக விண்ணப்பிக்கலாம் என்றால், 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தெளிவாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். அதனால்தான் இங்கே “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார்கள்.

தம்பியின் லிங்க்ட்இன் பக்கத்தில் அண்ணலின் படம் இருந்தது. “எடுத்துடவா அண்ணா?” என்றார். எடு என்று சொல்ல மனம் வரவில்லை. வைத்துக்கொள் என்று சொல்லவும் துணிவில்லை. அவர் வீட்டு வாடகையை நாம் கட்டப்போவதில்லையே. அவரே யோசித்து, படத்தை விட்டுவைத்தார்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். விதிகள் இரண்டே: காலியிடம் கண்ணில் பட்டால் கடைசித் தேதியோடு போட வேண்டும், நேர்காணலுக்குப் போனவர் கேட்ட கேள்விகளை அன்றிரவே எழுத வேண்டும். காலை வணக்கப் படங்களைத் தடுக்கத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ஓசூரில் வேலை செய்யும் மூத்த மாணவர் ஒருவர், தம்பியை நேரில் பார்த்ததே இல்லை. விடுதியின் பெயரைப் பார்த்துவிட்டு ரெஃபரல் கொடுத்தார். தம்பி வேலையில் சேர்ந்து நான்கு மாதமாகிறது.

போன வாரம் அவர் குழுவில் ஒரு செய்தி போட்டார்: தரக்கட்டுப்பாட்டில் இரண்டு இடம், கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. கீழே ஒரு தங்கை கேட்டிருந்தார்: “அண்ணா, ரெஸ்யூமை உங்களுக்கே அனுப்பலாமா?”