இப்னு பதூதா போன பாதையில் ஒரு விடுமுறைப் பயணம்



பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. வேன் பேசுவதும், ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதும் ஊரில் தொடங்கிவிட்டன. அநேகமாக எல்லோருடைய திட்டமும் ஒன்றுதான்: கண்டி, நுவரெலியா, வழியில் ஒரு நீர்வீழ்ச்சி, திரும்பி வீடு. அதில் பிழையில்லை. ஆனால் 65,610 சதுர கிலோமீற்றர் கொண்ட இந்தச் சிறிய நாட்டில் உலர்ந்த கரையும், தென்னந்தோப்பும், குளிர் மலையும், மழைக்காடும், தென்கடலும் சில மணி நேரப் பயணத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றையெல்லாம் ஒரே சுற்றில் பார்த்த ஒரு பயணியின் பாதை நமது புத்தளத்திலிருந்துதான் தொடங்குகிறது.

1344 இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று நமது கரைக்குக் கொண்டுவந்தது. அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் புத்தளம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அப்போது இங்கிருந்த அரசர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அவருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்களைக் காட்டி, என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு இருப்பதாகச் சொல்லப்படும் மலையைப் பார்க்க வேண்டும் என்பதே பயணியின் பதில். அரசர் ஒரு பல்லக்கும், துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையும் கொடுத்தார். ஒரு முஸ்லிம் பயணியை இந்து அரசர் ஒருவர், பௌத்தர்களும் புனிதமாகக் கருதும் மலைக்கு, இந்து யாத்திரிகர்களோடு அனுப்பிவைத்திருக்கிறார்.

அவர் சிலாபம் வழியாக உள்நாட்டுக்குள் நுழைந்து 'குனகார்' என்ற தலைநகரை அடைந்தார். அது குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உண்டு. அங்கிருந்து நாம் பாவாத மலை என்று சொல்லும் 2,243 மீற்றர் உயர மலைக்குப் போனார். மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை. மாமா பாதை இலகுவானது. அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். உச்சியருகே பத்து இரும்புச் சங்கிலிகள். கடைசிச் சங்கிலியில் நின்று கீழே பார்ப்பவர் பயத்தில் ஷஹாதா சொல்வதால் அதற்கு அந்தப் பெயரே வந்தது.

இந்தப் பாதையை முஸ்லிம்களுக்குத் திறந்தவர் ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் இப்னு கபீஃப் என்றும் அவர் எழுதுகிறார். அதற்கு முன் முஸ்லிம்களைத் தடுத்த மக்கள், பின்னர் தங்கள் வீடுகளில் தங்கவைத்து உணவளித்தார்கள், குடும்பத்தோடு பழகவும் விட்டார்கள் என்பது அவரது பதிவு.

மலையிறங்கித் தெற்கே தெவிநுவரவுக்குப் போனார். அங்கிருந்த பெருங்கோயிலை 1588 இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். பிறகு காலி, அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் அவரை வரவேற்றார். பிறகு கொழும்பு. அங்கிருந்து மூன்று நாளில் மீண்டும் புத்தளம்.

இந்தச் சுற்றை இன்று வேனில் ஐந்தாறு நாளில் முடிக்கலாம். சிலாபம், குருநாகல், கண்டி வழியாக ஹட்டன்; மலையேறிய பின் இரத்தினபுரி, மாத்தறை, தெவிநுவர, காலி, கொழும்பு. மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை. மே முதல் தென்மேல் பருவமழை அந்தப் பக்கத்தை நனைத்துவிடும். ஆகவே டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் வரும் விடுமுறைதான் பொருத்தம்.

கொழும்பில் தேசிய நூதனசாலையைத் தவறவிட வேண்டாம். 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, ஆண்டு 1409. அதில் சீன மொழி புத்தரையும், தமிழ் தெவிநுவரவின் தேனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் குறிப்பிடுகின்றன. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, எத்தனை மொழி தெரிகிறது என்று கேளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? 2019 ஏப்ரலுக்குப் பின் குடும்பத்தோடு தெற்குப் பக்கம் போகத் தயங்கும் வீடுகளை நான் அறிவேன். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் நாம் போகாமல் விட்டால் நமது பிள்ளைகள் அந்த ஊர்களை செய்தியில் மட்டுமே அறிவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம்மை அப்படியே அறிவார்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் விடுமுறையில் வடக்கே ஒரு பயணம் வையுங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் மேற்பட்ட வடபுல முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கே வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை அவர்களில் பலர் கண்டதில்லை. அவர்களின் மூத்தம்மாவுக்கு ஒவ்வொரு வீடும் மனப்பாடம். அந்த மூத்தம்மா நடக்கக்கூடிய காலத்திலேயே அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள். அவர் கை காட்டிச் சொல்லும் இடங்களைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். வரலாற்றுப் பாடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சியை என்னால் கொடுக்க முடியாது.

பயணம் போகிறவர்களுக்கு அல்லாஹ் பாதுகாப்பைத் தருவானாக.