கொம்யூன் கையில் இல்லாத கடை

2006இல் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த சில மாதத்தில், எங்க அம்மாவும் காலனிப் பெண்கள் இருபது பேரும் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாகூர்ப் பக்கம் எங்கள் காலனி. நடவுக்குப் போகிறவர்கள் தாண்டிப்போகும் வழியிலேயே சாராயக்கடை. மனுவை எழுதியது பள்ளிக்கூடத்துப் பையனான நான். கைநாட்டுதான் அதிகம். புதிதாக ஜெயித்த உறுப்பினர், தனி வார்டில் நின்ற நம்ம ஆள்தான், படித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க கையில இல்லம்மா, கடைக்கு லைசென்சு குடுக்கறது கலால்" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று அன்றைக்குக் கோபம் வந்தது. பின்னால் சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது நிஜம்.

வில்லியனூரும் பாகூரும் நேற்று முளைத்த பஞ்சாயத்துகள் அல்ல. 1880 மார்ச் 12 ஆணையில் பிரெஞ்சுக்காரன் உண்டாக்கிய கொம்யூன்கள். மேர் உண்டு, சபை உண்டு, ஓட்டும் உண்டு. ஆனால் 1884 முதல் வாக்காளர் பட்டியலே மூன்று: ஐரோப்பியருக்கு ஒன்று, சொந்தச் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. சபை யாருடையது என்கிற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் வரவில்லை. இந்த எல்லை நேர்க்கோடும் இல்லை. வயலுக்கு வயல் வளைந்து போகிறது. கடலூர்க்காரன் வரப்பைத் தாண்டினால் குடிக்கலாம். முள்ளோடையில் இன்றைக்கும் கடைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று போய்ப் பாருங்கள். 1954இல் பிரெஞ்சுக்காரன் போனான், 1962இல் சட்டப்படியும் இணைந்தோம். கடை மட்டும் போகவில்லை.

1970இல் வந்த புதுச்சேரி கலால் சட்டம் உரிமம் தரும் அதிகாரத்தைக் கலால் துறையிடம் வைத்தது. 1973இல் வந்த கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று நமக்குப் பிரித்துக் கொடுத்தது. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம். ஏலம் எடுத்தவன் மாதாமாதம் கிஸ்தி கட்டணும். கிஸ்தி கட்ட விக்கணும். விக்கணும்னா கூலிக்காசு சாயங்காலம் கைக்கு வர்ற இடத்துல கடை இருக்கணும். அது யாருடைய தெரு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஏ. படிக்கும்போது சங்கப் புலவர் குடித்த கள்ளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். கள் விற்ற இடம் எந்தத் தெருவில் என்று ஒரு தாளிலும் கேள்வி வந்ததில்லை.

அதிகாரமில்லாத அந்தச் சபைக்கும் 1968க்குப் பிறகு 38 வருஷம் தேர்தல் இல்லை. 2006இல் நடந்தது, 2011இல் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தும் நின்றுபோனது.

கொம்யூன் என்கிற சொல்லுக்கு ஒரே ஒரு தடவைதான் கடை விஷயத்தில் மதிப்பு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பர் 15இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊராட்சிகளில் 220 மீட்டர் போதும் என்று 2017 மார்ச்சில் குறைத்தது. ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் தடையில்லை என்றது. நாம் நகரமா கிராமமா என்று அப்போதுதான் எல்லோரும் விசாரித்தார்கள். பஞ்சாயத்துப் பகுதியும் நகரம்போல வளர்ந்திருக்கிறதா என்பதை அரசே முடிவு செய்யலாம் என்று 2018 பிப்ரவரியில் அந்த வாசலும் திறந்தது. கடையைத் திறக்க கொம்யூனின் அந்தஸ்து தேவைப்பட்டது. மூடுவதற்கு அதன் தீர்மானம் செல்லாது.

வேறு வழியே இல்லையா? 1996இல் பழங்குடிப் பகுதிகளுக்கு வந்த பெசா சட்டம், மதுவைத் தடுக்கும் அதிகாரம் கிராமசபைக்கும் இருக்கவேண்டும் என்கிறது. கேரளத்தில் உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் கடை வைக்க முடியாது என்றிருந்தது. 2017இல் அவசரச் சட்டம் போட்டு அதைப் பிடுங்கினார்கள். நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் 1992இல் பெண்கள் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. ஏலத்தையே நடக்கவிடாமல் மறித்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திராவில் சாராயம் நின்றது.

போன வருஷம் அம்மா இன்னொரு மனு எழுதச் சொன்னாங்க. பேனாவை எடுத்தேன். "யார் பேருக்குடா எழுதுவ, மெம்பருதான் இல்லியே" என்றாங்க. பெறுநர் இடத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். இந்தத் தடவை கைநாட்டு ஏழுதான், மற்றதெல்லாம் கையெழுத்து.