துப்பாக்கிப் பயிற்சி, போலீஸ் (தென்காசி, குற்றாலம் வட்டாரம்)

போலீஸ் உத்தியோகத்தில் புதிதாகச் சேர்வோருக்கும், ஏற்கனவே பணியாற்றி வருவோருக்கும் சுடுகருவிகளைக் கையாளும் முறையைக் கற்பித்து, அவர்களுடைய திறமையைக் காலந்தோறும் அளந்து தகுதி வகுக்கும் ஏற்பாடே துப்பாக்கிப் பயிற்சி எனப்படும். குறி தவறாமல் சுடுவதே இதன் சாரம் என்று மேலோட்டமாகத் தோன்றினாலும், தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இந்த மலையடிவாரப் பிரதேசத்தின் சரித்திரத்தை நோக்கினால், யார் கையில் எவ்வகைத் துப்பாக்கி இருக்கலாம், அது எவ்வளவு செம்மையாகச் சுடலாம் என்பதை அந்தந்தக் காலத்து அரசாங்கத்தின் அச்சமே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருப்பது புலனாகும்.

போலீஸ் என்ற ஸ்தாபனம் தோன்றுமுன் திருநெல்வேலிச் சீமையில் காவல் என்பது பரம்பரை உரிமையாக இருந்தது. ஊருக்கு ஊர் ஸ்தலக் காவல், பல ஊர்களுக்குச் சேர்த்துப் பாளையக்காரரின் தேசக் காவல் என இரு நிலைகளில் அது நடந்தது. காவற்காரன் தன் வித்தையைத் தகப்பனிடமும் சிலம்பக் களத்திலும் கற்றானேயன்றி, அதற்கென்று தனிப் பள்ளி எதுவும் இருக்கவில்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்து நின்ற 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈட்டியோடு திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கியும் பாளையங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பாளையப் போர்கள் ஓய்ந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. அந்நாள் முதல் இச்சீமையில் துப்பாக்கி அரசாங்கத்தின் உடைமையாயிற்று.

1859ஆம் வருஷத்து 24ஆவது சட்டத்தின்படி வில்லியம் ராபின்ஸன் தலைமையில் சென்னை ராஜதானியின் போலீஸ் படை திருத்தி அமைக்கப்பட்டது. 1857ஆம் வருஷத்துக் கிளர்ச்சியின் நினைவு ஆட்சியாளர் மனத்திலிருந்து அகலாத அக்காலத்தில், இந்தியர் கையில் கொடுக்கப்படும் துப்பாக்கி வெள்ளைத் துருப்புகளின் துப்பாக்கியைவிட ஒருபடி தாழ்ந்ததாகவே இருக்க வேண்டுமென்பது கொள்கையாயிற்று. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுசுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களே குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துவன. அவ்வரிகள் இல்லாத வழவழப்பான குழலிலிருந்து புறப்படும் குண்டோ சற்றுத் தூரம் சென்றதும் தன் போக்கில் விலகிவிடும். பிற்காலத்தில் போலீஸுக்கென்றே இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிளை மாற்றிச் செய்த, அத்தகைய வழவழப்பான குழலுள்ள .410 மஸ்கட் இக்கொள்கைக்கு ஒரு விசித்திர உதாரணம். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். மாகஸீன் இருக்க வேண்டிய இடத்தை ஒரு மரக்கட்டை அடைத்துக்கொண்டிருக்கும். கலகக்காரர் கையில் சிக்கினாலும் பயன்படாதிருக்கட்டும் என்று செய்யப்பட்ட அக்கருவியை வைத்துக்கொண்டு, குறி தவறாமல் சுடு என்று காவலனுக்குப் பாடம் நடந்தது.

1908 மார்ச் 13ஆம் தேதி, சுதேசி இயக்கத் தலைவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதையொட்டித் திருநெல்வேலியில் மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு நால்வர் மாண்டனர். மூன்று வருஷங்களுக்குப் பின், 1911 ஜூன் 17ஆம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்தது பெல்ஜிய தேசத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்தோல். அதைக் கையாளும் பயிற்சியைப் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் பெற்றார் என்பர். ஒரு ஜில்லாவின் போலீஸ் படை தரங்குறைந்த துப்பாக்கிகளோடு கவாத்துப் பழகிக்கொண்டிருக்க, மலையடிவாரத்து இளைஞர் ஒருவர் அக்காலத்தின் அதிநவீனக் கைத்துப்பாக்கியோடு ரயிலேறியதைச் சரித்திரத்தின் பரிகாசம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் சுடுவதற்குக் கை நடுங்காதிருந்தாற் போதும். கைத்துப்பாக்கிப் பயிற்சியை நியூயார்க் நகரப் போலீஸாருக்கு அவர்களுடைய கமிஷனராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1895லேயே தொடங்கி வைத்திருந்தார். நம் நாட்டிலோ கவாத்தும் வரிசைச் சூடுமே நெடுங்காலம் பயிற்சியாக எண்ணப்பட்டன.

வாஞ்சிநாதனின் ஊராகிய செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சில மைல் தொலைவிலுள்ள குற்றாலமும் தென்காசியும் பிரிட்டிஷ் ஜில்லாவைச் சேர்ந்தவை. ஒரே சாரலில் நனையும் ஊர்களுக்கு இரு வேறு போலீஸ் படைகள் என்ற நிலை, மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நீங்கியது.

சுதந்திரத்துக்குப் பின் .303 ரைபிளும், 7.62 எஸ்.எல்.ஆர் ரைபிளும், திருச்சியிலும் செய்யப்பட்ட இன்சாஸ் ரைபிளும், 9 மில்லிமீட்டர் பிஸ்தோலும் படிப்படியாக வந்தன. 1973 முதல் பெண்களும் தமிழகப் போலீஸில் சேர்ந்தனர். சுடும் முறை பெரிதும் ராணுவத்தைப் பின்பற்றியது. புதிய காவலர் முதலில் தோட்டா இல்லாத துப்பாக்கியையே பல நாள் பழகுவர். விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். மூச்சைப் பாதியில் நிறுத்த வேண்டும். துப்பாக்கியின் அடிக்கட்டை தோளோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் தோள் கன்றிப்போகும். பிறகு, குண்டுகள் நடுவில் பட்டனவா என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை அளக்கும் ‘குரூப்பிங்’ வரும். நெருக்கம் சரியாயிருந்து இடம் தவறியிருந்தால் துப்பாக்கியின் குறியமைப்பைத் திருத்தலாம். சிதறியிருந்தால் திருத்த வேண்டியவர் சுட்டவரே. சூடு முடிந்ததும் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஆயுதக் கிடங்குக்கு ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லைத் துழாவாமல் எவரும் மைதானத்தை விட்டு நகர இயலாது. தோட்டாவை இவ்வளவு சிக்கனமாகக் காக்கும் வழக்கத்தின் மறுபுறம், பயிற்சிக்குத் தோட்டாவே போதாமல் போவது. பல மாநிலங்களின் போலீஸ் நவீனமயத்தை ஆராய்ந்த தணிக்கை அறிக்கைகள் இக்குறையைத் திரும்பத் திரும்பச் சுட்டியுள்ளன.

எப்போது சுடலாம் என்பது தனிப் பாடம். இந்தியப் போலீஸ் விதிகள் கூட்டத்தைக் கலைக்கும்போது வெற்றுத் தோட்டாவையும், தலைக்கு மேலே சுடுவதையும் பொதுவாக விலக்கி, முன்னெச்சரிக்கை செய்து, தாழக் குறி பார்க்கச் சொல்கின்றன. 1990இல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு, தக்க தேர்ச்சி பெற்றவர்க்கே துப்பாக்கி அளிக்க வேண்டும் என்றும், பயிற்சியில் பலாத்காரமின்றிச் சச்சரவைத் தணிக்கும் வழிகளையும் கற்பிக்க வேண்டும் என்றும் வகுத்தது. சச்சரவைத் தணிக்கும் இப்பாடம் இங்கே இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுடப்பட்டதாகக் கண்டது. அட்டையிலுள்ள வட்டத்தில் குண்டு விழுவதை மட்டும் அளக்கும் தேர்வு எந்த ஆபத்தை அளக்கத் தவறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. போலீஸ் மோதல் (என்கவுன்டர்) மரணங்களில் சுட்டவரின் ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இலேயே நெறி வகுத்திருந்தது.

2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாயிற்று. இங்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான சீசனில் போலீஸாரின் முக்கிய ஆயுதம் விசில்தான். குற்றாலம் மெயின் அருவியில் நீர் பெருகும்போது கூட்டத்தை விலக்க அதுவே போதும். துப்பாக்கிப் பயிற்சிக்குரிய சுடுதளத்துக்கோ பின்னால் குண்டைத் தாங்கும் மேடும், முன்னால் ஆள் நடமாட்டமற்ற வெளியும் வேண்டும். தூத்துக்குடிப் போலீஸாருக்கு வல்லநாட்டில் அத்தகைய தளம் இருக்கிறது. குற்றாலப் பக்கத்து மலைச்சரிவுகள் பெரும்பாலும் காப்புக் காடுகள். அடிவாரமெங்கும் வயலும் தோப்பும் ஊர்களும் நெருங்கியிருக்கின்றன.