திண்டிவனத்தில் ஆளுக்கு இரண்டு வாக்குச்சீட்டு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சேரிகளில் பதினெட்டு வயதான தம்பி தங்கைகளிடம் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டால், "ஏறி என்ன ஆகப் போகுது?" என்கிறார்கள். அந்தக் கோபம் நமக்கும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலுக்குள் நம் பெயர் வந்த கதையை யாரும் பாடத்தில் சொல்வதில்லை.

சென்னை மாகாண சட்டசபைக்கு 1920இல் முதல் தேர்தல் நடந்தபோது, வரி கட்டுகிற அளவுக்குச் சொத்து உள்ளவருக்கே பெரும்பாலும் வாக்கு. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் பண்ணையில் படியாளாகக் கிடந்தவருக்கு ஏது பட்டா, ஏது வரி? எம்.சி.ராஜாவும், 1923இல் இரட்டைமலை சீனிவாசனும் சபைக்குள் போனது அரசின் நியமனத்தால்தான். அவர்களுக்கு வாக்களிக்க நம் தாத்தாக்களால் முடியவில்லை. 1928இல் சைமன் குழுவிடம் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டார். 1932 பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கு 30 தனி இடங்கள் தந்தது. ஆனால் 1937 தேர்தலிலும் சொத்து, படிப்பு என்ற வடிகட்டி அப்படியே இருந்தது. நமக்கு இடம் இருந்தது. அதை நிரப்பும் வாக்கோ பெரும்பாலும் ஊர்க்காரர் கையில்.

1951-52 பொதுத்தேர்தலில்தான் படியாளுக்கும் பண்ணையாருக்கும் ஒரே கணக்கு வந்தது. இல்லை, திண்டிவனத்தில் ஆளுக்கு இரண்டு! திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒன்று பொது இடம், ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கான இடம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. மறைவில் போய் இரண்டு சீட்டையும் வேறு வேறு பெட்டியில் போட வேண்டும். இரண்டு இடங்களையும் ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி வென்றது. வன்னியர் கட்சி என்று அறியப்பட்ட ஒன்று தலித் வேட்பாளரோடு சேர்ந்து இதே மண்ணில் வென்றிருக்கிறது என்பதை இன்றைய சாதிச் சண்டைக்காரர்கள் படிக்கட்டும். பக்கத்துக் கடலூரில் காங்கிரஸ் சார்பில் எல்.இளையபெருமாள் வென்றார்.

இந்த முறையில் ஒரு விசித்திரம் உண்டு. தனி வேட்பாளர் கூடுதல் வாக்கு வாங்கினால் பொது இடமும் அவருக்கே. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களும் பழங்குடி வேட்பாளர்களுக்குப் போயின. தோற்றவர் வி.வி.கிரி. உச்ச நீதிமன்றம் வரை போயும் அவருக்குப் பலன் கிடைக்கவில்லை. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

சீட்டு கையில் இருந்தாலும் பூத் வரை போக விட்டார்களா? 1999 நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் தொல்.திருமாவளவன் முதன்முறை நின்றபோது சேரிகள் கொளுத்தப்பட்டன. பலரை வாக்களிக்கவே விடவில்லை. இன்னொரு சிக்கல் சத்தமில்லாதது. எந்திரம் வந்த பிறகு பூத் வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது. சேரிக்கென்று தனி பூத் இருந்தால் சேரி யாருக்குப் போட்டது என்பது மறுநாளே ஊருக்குத் தெரியும். பல எந்திரங்களின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

2008 தொகுதி மறுவரையறையில் திண்டிவனம் தனித் தொகுதியானது. ஆனால் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அலுவலர் வந்து கதவைத் தட்டுகிறார். இருளர் குடியிருப்புகளில் ஒரு சான்றிதழ் வாங்குவதே போராட்டம். ஆகவே கையில் அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை செல்லாது. புதிதாகச் சேர படிவம் 6. முகவரி மாற, திருத்த படிவம் 8. பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எந்தத் தேதிக்குள் பதினெட்டு நிரம்புகிறதோ அதை வைத்துப் பெயர் ஏறும். வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. பத்து நாளாவது முன்பே கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரை நீக்கச் சொல்லி யாராவது படிவம் 7 கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வாக்களிக்காதே என்றோ, இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்றோ மிரட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எல்) பிரிவின்படி குற்றம். உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வராதீர்கள். 'சர்கார்' பார்த்தவர்களுக்கு 49பி ஞாபகம் இருக்கும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி, காகித வாக்குச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.