பாம்பன் கரையில் கணினி பார்த்த வேலைகள்

மேசைக் கணினி தனியாளுக்காகப் பிறந்த கருவி. 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட கணினியும் அதைப் பின்பற்றி வந்தவையும் டாஸ் என்ற இயக்குதளத்தில், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளில், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே ஓட்டின. 1985இல் வந்த இன்டெல் 386 சில்லு பல நிரல்களைத் தனித்தனியே காத்து நடத்தும் வசதியைக் கொண்டிருந்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம்மிடமிருந்த 386 கணினியில்தான் லினக்ஸ் இயக்குதளத்தின் கருவை எழுதினார். கணினியின் செயலி பெரும்பொழுதை விசைத்தட்டுக்கும் வட்டுக்கும் காத்திருந்தே கழிக்கிறது என்பதால், அந்தக் காத்திருப்பை நொடியின் சிறு கூறுகளாகப் பங்கிட்டால், வேகம் போதவில்லை என்று வீட்டில் ஒதுக்கப்பட்ட பழைய பெட்டியும் கோப்புக் கிடங்காகவும் அச்சுப்பொறிக்கு ஏவலாளாகவும் இணைய வாசலாகவும் ஒருசேர உழைக்கும்.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்த வரலாறு தலைகீழாக நிகழ்ந்தது. அங்கே வேலைகள் முன்பே காத்திருந்தன, கணினி பிறகுதான் வந்தது. வடகடல் எனப்படும் பாக் விரிகுடாவுக்கும் தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் கிடக்கும் இராமேசுவரம் தீவில் காற்றையும் அலையையும் முன்னறிவது உயிரோடு தொடர்புடைய காரியம். பகலில் கூம்புகளாலும் உருளைகளாலும், இரவில் விளக்குகளாலும் எச்சரிக்கும் துறைமுகப் புயல் கூண்டு நெடுங்காலம் அரசுத் தரப்பின் குரலாக இருந்தது. அந்தக் குரல் எட்டிய தூரம் சிறிது என்பதற்கு, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோன புயலே சான்று.

ஊர்ப்பொதுக் கணினிக்கான முன்மாதிரி புதுச்சேரியில் உருவானது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து அறிவு மையங்களைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி நம்பத்தகாத சிற்றூர்களைக் கம்பியில்லா வானொலிக் கருவிகளால் இணைத்தது, மின்வெட்டைச் சூரிய ஒளித் தகடுகளால் சமாளித்தது. அவ்வூர்களில் ஒன்றான எம்பலத்தில் மையத்துக்குக் கோயிலே இடம் கொடுத்தது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் திரையருகே வர நேரமில்லாதவருக்கும் கணினி இவ்வாறு காதுவழியே பயன்பட்டது. இந்த ஏற்பாட்டின் உண்மையான கண்டுபிடிப்பு அந்த ஒலிபெருக்கிதான் என்று சொல்வது மிகையாகாது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரிக்க, புதுச்சேரியின் நல்லவாடு மக்கள் மையத்தின் கதவை உடைத்து அதே வகை ஒலிபெருக்கியைப் பயன்படுத்தி ஊரைக் காலிசெய்தார்கள். அன்றாட அலைச் செய்திக்காக வைத்த கருவி, எவரும் திட்டமிடாத ஒரு வேலையையும் செய்துவிட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், சுவாமிநாதன் நிறுவனமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய 3 ஊர்களில் கிராம வள மையங்களை நிறுவியிருந்தன. இராமேசுவரம் தீவின் மீனவ ஊரான தங்கச்சிமடம் அப்பட்டியலில் இடம்பெற்றதில் வியப்பில்லை. சிறு கிண்ண அலைவாங்கி வழியாகச் செயற்கைக்கோளோடு இணைந்த அம்மையங்களில், ஒரே இணைப்பு தொலைக்கல்விக்கும் தொலைமருத்துவத்துக்கும் வல்லுநர்களோடு நேரில் பேசுவதற்கும் பயன்பட்டது. மீன்வளம் மிகுந்த பகுதிகளைப் பற்றிய தகவலும் இத்தகைய வழிகளில்தான் கரையை அடைந்தது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம், மேல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோளால் கணித்து, மீன் கூடும் இடங்களை ஊகித்து அறிவிக்கிறது. ஆனால் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று கடல் பங்கிடப்பட்ட இக்கரையில், மீன் எங்கே என்பதைப் போலவே இன்று எவருடைய முறை என்பதும் முக்கியம். அந்தக் கணக்கைச் செயற்கைக்கோள் அறியாது.

2016இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் வேலையை அலைவரிசைக்கு மாற்றியது எனலாம். சமுதாய வானொலி என்பது 100 வாட் அளவிலான ஆற்றலோடு, ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் ஆரத்துக்குள் ஒலிபரப்பும் உள்ளூர் நிலையம். இவ்வகை நிலையங்களில் பதிவு, வெட்டி ஒட்டுதல், நிகழ்ச்சி வரிசை, ஆவணக் காப்பு ஆகியவற்றுக்குப் பெரிய எந்திரங்கள் தேவையில்லை. ஒலியைக் கையாள்வது படத்தைக் கையாள்வதைவிடக் கணினிக்கு இலேசான சுமை என்பதால், சில ஆண்டுகள் பழைய சாதாரணக் கணினியே போதும்.

கைப்பேசி பரவியபின், மீனவ நண்பன் என்ற பொருளில் ஆங்கிலப் பெயரிட்டு சுவாமிநாதன் நிறுவனம் வெளியிட்ட செயலி, அலை உயரம், காற்று, மீன்வளப் பகுதி, சந்தை விலை முதலியவற்றைப் படகிலேயே தரத் தொடங்கியது. அச்செயலியின் ஒரு கூறு மேசைக் கணினியால் ஒருபோதும் செய்ய முடியாதது: 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லையைப் படகு நெருங்கும்போது அது எச்சரிக்கிறது. கரையில் நிலைத்திருந்த பெட்டி எத்தனை வேலை பார்த்தாலும், படகு எங்கே நிற்கிறது என்பதை அதனால் அறிய இயலவில்லை.