தன் கணக்கைத் தானே ஆளும் உரிமை

பணம் உடையவன் வேறு; பணத்தை ஆள்பவன் வேறு. எழுத்தறியாத நம் முன்னோர் பலர் சம்பள நாளன்று கிராணி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தனர். ஏட்டில் எழுதிய தொகை எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதைப் பிறர் வாய்ச்சொல்லாலன்றி அவர்கள் அறிந்திலர். உழைத்தவர் ஒருவர், கணக்கை ஆண்டவர் மற்றொருவர். அந்நிலையின் இழிவை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆனால் கற்றறிந்தும், பொருளீட்டியும், கண்ணொளி இல்லை என்ற ஒரே காரணத்தால் அதே நிலையில் நிறுத்தப்பட்ட மக்கள் உளர். அவர்கள் அதனின்று மீண்ட வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

பார்வையற்றவரைக் கண்டால், ‘முன்வினைப் பயன்’ என்று பெருமூச்செறிந்து கையில் ஒரு காசு இட்டுச் செல்வது நம்மவர் பலரின் வழக்கம். இட்ட காசை அவர் எவ்வாறு எண்ணுவார், யாரை நம்பிக் கணக்கு வைப்பார் என்று சிந்தித்தவர் எத்தனை பேர்? வினையின் மேல் பழியைப் போட்டோர் ஒன்றும் செய்திலர். தேவை யாதென ஆராய்ந்தோரே கருவி கண்டனர்.

இத்தாலியில் 1808ஆம் ஆண்டளவில், பெல்லெகிரினோ துர்ரி என்பார், பார்வையிழந்த ஒரு பெருமாட்டி தம் கடிதங்களைத் தாமே எழுதுதற்பொருட்டு ஓர் எழுத்துப்பொறி செய்து கொடுத்தார். அலுவலகங்களில் பின்னர்ப் பரவிய டைப்ரைட்டருக்கு அது முன்னோடிகளுள் ஒன்று. அடுத்து வந்தவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். தந்தையின் தோல் பட்டறையில் ஊசி பாய்ந்து இளமையிலேயே பார்வை இழந்த அவர், 1824இல், தம் 15ஆம் வயதில், ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையை வகுத்தார். இதனைப் பலரும் அறிவர்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. புள்ளியெழுத்தைப் பார்வையற்றோர் விரலால் படிப்பர். ஏனையோரில் பெரும்பாலோர்க்கு அது விளங்காது. தமக்குள் எழுதிக்கொள்ளலாமேயன்றி, உலகத்தாரோடு எழுத்தால் வழக்காட அது போதாது. இக்குறையை உணர்ந்த பிரெயிலே 1839இல், சாதாரண எழுத்தின் வடிவத்தைப் புள்ளிகளால் அமைக்கும் மற்றொரு முறையை வெளியிட்டார். பார்வையற்றவரான பூக்கோ என்பார் 1841இல் அதற்கென ஒரு பொறியும் செய்தார். பார்வையற்றவர் எழுதியதைப் பார்வையுள்ளவர் படிக்க வழி பிறந்தது.

இவ்விரு எழுத்துகளும் சந்தித்தே தீரவேண்டிய இடம் பேங்குச் செக்கு. அமெரிக்காவில் வீட்டு வாடகை, மின்சாரக் கட்டணம் முதலியவற்றைச் செக்கினால் தீர்ப்பது நெடுநாளைய வழக்கம். நாள், பெறுபவர் பெயர், இலக்கத்திலும் எழுத்திலும் தொகை, கையெழுத்து ஆகிய அனைத்தும் உரிய இடத்தில் அமைதல் வேண்டும். துளையிட்ட அட்டையைச் செக்கின்மேல் வைத்து எழுதினர்; விரலுக்குத் தட்டுப்படும் கோடுகள் கொண்ட செக்குகளும் வந்தன. எனினும், எழுதியதைத் திரும்பப் படிக்க இயலவில்லை. பேங்கு அனுப்பும் கணக்கோ மையெழுத்து. மீண்டும் பிறர் கண்ணே துணை. துணை நின்றவர் நல்லவராயினும் என்ன? யார்க்கு எவ்வளவு கொடுத்தோம், மீதம் எவ்வளவு என்பது பிறர் வாயிலிருந்தே தெரியவருமாயின், அதைத் தன் கணக்கு என்பது எங்ஙனம்?

இத்தளையைக் கணினி அறுத்தது. 1976இல் ரே கர்ஸ்வைல் அச்செழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் பொறியை வெளியிட்டார். 1978இல் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹெண்டர், கணினித் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் ‘ஜாஸ்’ என்னும் மென்பொருளை 1989இல் கொணர்ந்தார். கெண்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் 1858இல் தோன்றிய பார்வையற்றோர்க்கான அமெரிக்க அச்சகம், ‘மணி டாக்ஸ்’ என்ற கணக்கு மென்பொருளைப் பின்னாளில் வெளியிட்டது. இத்தகைய மென்பொருளில் பெயரையும் தொகையையும் விசைகளால் தட்டினால், தட்டியதைக் குரல் திரும்பச் சொல்லும். பிழையிருப்பின் அங்கேயே திருத்தலாம். பின்னர் அச்சுப்பொறி செக்கில் உரிய இடத்தில் அதைப் பதிக்கும். அத்தொகை கணக்கிலும் கழிக்கப்படும். எஞ்சுவது கையெழுத்து ஒன்றே. அது மட்டும் அவருடைய கையால் இடப்படவேண்டியது. இடுமுன் தொகையை அவரே அறிந்தும் இருப்பார்.

கருவி மட்டும் விடுதலை தந்துவிடவில்லை. 1940இல் பார்வையற்ற சட்ட அறிஞர் ஜேக்கபஸ் டென்புரோக் தலைமையில் அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு எழுந்தது. தம் காரியத்தைத் தாமே பேசவேண்டும் என்பது அதன் கொள்கை. 1999இல் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில், பேசும் பணப்பொறி நிறுவப்பட்டது. சிங்கப்பூர் நோட்டுகள் மதிப்புக்கேற்ப அளவில் வேறுபடும். அமெரிக்க நோட்டுகளோ 1 டாலர் முதல் 100 டாலர் வரை ஒரே அளவின. இதனை எதிர்த்துப் பார்வையற்றோர் 2002இல் வழக்குத் தொடுத்தனர், 2006இல் வென்றனர், மேல்முறையீட்டிலும் 2008இல் வென்றனர். ‘பிறர் உதவியால் சமாளிக்கிறார்களே’ என்ற அரசின் வாதத்தை மேல்நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வாறாயின், நடக்க இயலாதவர் தவழ்ந்து செல்லலாம் என்பதால் அவர்க்கு வழி உண்டு என்று கூறுவதை ஒக்கும் எனத் தள்ளியது. அறத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

இன்று செக்கு அருகி, பணம் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ‘என்விடிஏ’ என்னும் பேசும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பதால், ஏழைக்கும் அக்கதவு திறந்தது. ஆனால், பெயரிடப்படாத பொத்தான்களோடு ஒரு பேங்குச் செயலி அமைக்கப்படின், குரல் ‘பொத்தான், பொத்தான்’ என்று மட்டுமே சொல்லும். வழவழத்த கண்ணாடியில் இரகசிய எண்ணைத் தட்டச் சொல்லும் கடைப்பொறி, பார்வையற்றவரை அந்த எண்ணைப் பிறரிடம் சொல்ல வைக்கிறது. இருநூறு ஆண்டுகளாக ஈட்டியதை ஒரு கவனக்குறைவு பறித்துவிடும்.

ஆகவே, மென்பொருள் எழுதும் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: பார்வையற்ற ஒருவரை அழைத்து, அவர் தனியே இயக்கிக் காட்டிய பின்னரே உங்கள் வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். பார்வையற்றவர் உள்ள குடும்பத்தார்க்குக் கூறுவது: அவர் பணத்தைக் காப்பதாக எண்ணிக் கணக்கை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர், கருவியை அவர் கையில் கொடுங்கள். காசு இடும் கை பெரிதன்று. கணக்கை ஒப்படைக்கும் கையே பெரிது.